பழைய மேற்கத்தியப் படங்களில் சீனத் தெரு: எதை நம்பலாம்?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

"18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த சீனப் படங்களைச் சேகரித்து வருகிறேன். நாவிதர், படகுப் பெண், மீன்பிடிப்பவர், தெருவோரச் சாப்பாட்டுக் கடை என்று எல்லாம் இருக்கிறது. கேமரா வருவதற்கு முன் சாதாரணச் சீனர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இவற்றை நேரடிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்தானே? நான்கு படங்களை இணைத்திருக்கிறேன்."

பிப்ரவரி 4, இரவு

முடியாது. நீங்கள் இணைத்த நான்கில் இரண்டு தாமஸ் ஆலம் போட்டவை. ஆலம் லண்டனில் தொழில் செய்த கட்டடக் கலைஞர். சீன மண்ணை மிதிக்காதவர். பிரிட்டன் சீனாவோடு நடத்திய முதல் அபினிப் போர் 1842ல் முடிந்தது. 1843ல் ஆலமின் சீனக் காட்சிகள் புத்தகமாகக் கடைக்கு வந்துவிட்டன. போய்வந்தவர்கள் வரைந்ததை மேசையில் பரப்பிக்கொண்டு, ஒருவருடைய கூரையை இன்னொருவருடைய ஆற்றங்கரையில் ஏற்றி, இடையில் ஆட்களை நிரப்பினார். பார்க்க அழகு. சாட்சி அல்ல.

பிப்ரவரி 5, காலை

ஒரே வெட்டாக "முடியாது" என்று எழுதியது தவறு. படுத்த பிறகுதான் வில்லியம் அலெக்சாண்டர் நினைவுக்கு வந்தார். ஆலமோடு சேர்த்து அவரையும் குப்பையில் போட்டதுபோல் ஆகிவிட்டது.

1792 செப்டம்பரில் மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு இங்கிலாந்திலிருந்து சீனாவுக்குக் கப்பலேறியது. இந்த மக்கார்ட்னி 1781 முதல் 1785 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். கோட்டையில் அவருக்குச் செயலாளராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்டன்தான் சீனாவுக்கும் அவரோடு போனார். குழுவின் ஓவியர் தாமஸ் ஹிக்கி. பிற்காலத்தில் திப்புவின் பிள்ளைகளை வரைந்து, 1824ல் மதராஸிலேயே இறந்த அதே ஹிக்கி. அவருக்குக் கீழே படம் வரைபவராக மெய்ட்ஸ்டோன் ஊரைச் சேர்ந்த 25 வயது இளைஞர் ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர்தான் அலெக்சாண்டர். சீனாவிலிருந்து பெரியவர் கொண்டுவந்த படங்கள் சொற்பம். சின்னவர் கொண்டுவந்தவற்றில் பிரிட்டிஷ் நூலகத்தில் மட்டுமே 800க்கும் மேல் இருக்கின்றன.

1805ல் வந்த அவருடைய சீன உடைகள் பற்றிய புத்தகத்தில் 48 வண்ணத் தகடுகள் (தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள்). அவற்றில் ஒன்று என் கண்ணை விட்டு அகலாதது: கால்வாயில் படகு இழுக்கும் கூலியாட்கள் சாப்பிடும் காட்சி. குந்தி உட்கார்ந்து, கிண்ணத்தை வாயருகே ஏந்தி, குச்சிகளால் சோற்றைத் தள்ளுகிறார்கள். பக்கத்தில், இழுக்கும்போது மார்பில் குறுக்காக வைத்துக்கொள்ளும் பலகை. கயிறு தசையை அறுக்காமல் இருக்க அந்தப் பலகை. லண்டன் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பலகை தோன்றவே தோன்றாது. சாப்பாட்டு நேரத்தில்கூட ஆள் அதைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பான் என்பதும் தோன்றாது.

அலெக்சாண்டர் வரைந்தது எல்லாமே நேரில் பார்த்தது. அவரை நம்பலாம்.

பிப்ரவரி 5, மாலை

காலையில் எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். "எல்லாமே" அல்ல.

சியன்லோங் பேரரசர் 1793 செப்டம்பர் 14 அன்று தூதரை வரவேற்றது பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) அல்ல. வடக்கே, பெருஞ்சுவருக்கு அப்பால், ஜெஹோலில். அந்தப் பயணத்துக்கு அலெக்சாண்டரை அழைத்துப் போகவில்லை. பீக்கிங்கில் விட்டுவிட்டுப் போனார்கள். சீனாவுக்கு இவ்வளவு தூரம் வந்தும் பெருஞ்சுவரைப் பார்க்க முடியாத வருத்தத்தைத் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். ஆனாலும் அவர் பெயரில் பெருஞ்சுவர்ப் படம் இருக்கிறது. கூடப் போன பாரிஷ் என்ற ராணுவ அதிகாரி வரைந்த குறிப்புப் படங்களிலிருந்து எடுத்தது. ஸ்டான்டனின் சிறுவயது மகன் பேரரசர் கையிலிருந்து ஒரு சுருக்குப் பையை வாங்கும் படமும் அப்படியே. அந்தச் சிறுவன் வழியிலேயே சீன மொழி கற்றுக்கொண்டு பேரரசரிடம் பேசினான் என்பது உண்மை. அதைப் பார்த்த கண்கள் அலெக்சாண்டருடையவை அல்ல.

ஆக ஓவியர் ஒருவரே. படத்துக்குப் படம் நம்பகம் மாறுகிறது. பேரரசர் படத்தைக் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். கூலியாட்கள் சாப்பிடும் படத்துக்கு என் வாக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 6

ஒன்று யோசித்தேன். ஜெஹோலுக்குப் போயிருந்தால் அலெக்சாண்டர் கூடாரங்களையும் அமைச்சர்களின் தொப்பிகளையும் வரைந்து நாட்களைத் தீர்த்திருப்பார். பீக்கிங்கில் அடைபட்டும், பிறகு கால்வாயில் ஹாங்சோ வரை வாரக்கணக்கில் படகில் உட்கார்ந்தும் வந்ததால்தான் மதகுத் திறப்பு, வைக்கோல் மழையுடை போட்டவர்கள், காடைச் சண்டைக்குப் பந்தயம் கட்டுபவர்கள் எல்லாம் அவருக்குக் கிடைத்தார்கள். அவருடைய வருத்தம் நமக்கு லாபமாகிவிட்டது.

பிப்ரவரி 7

நேற்றிரவு கண்டது. மக்கார்ட்னி சீனப் பேரரசர் முன் மண்டியிடுவதாக ஜேம்ஸ் கில்ரே ஒரு கேலிச்சித்திரம் போட்டார். பருத்த பேரரசர் சாய்ந்துகொண்டு புகை பிடிக்கிறார். தூதர் பொம்மைகளையும் விளையாட்டுச் சாமான்களையும் பரிசாக நீட்டுகிறார். வெளியான தேதி 1792 செப்டம்பர் 14. தூதுக்குழுவின் கப்பல் போர்ட்ஸ்மவுத்தை விட்டுக் கிளம்பியது செப்டம்பர் 26. கப்பல் நங்கூரம் எடுப்பதற்கு 12 நாள் முன்பே சந்திப்பின் படம் லண்டன் கடையில் விற்பனையில் இருந்தது. உண்மையான சந்திப்பு, நாள் பிசகாமல், அடுத்த ஆண்டு அதே செப்டம்பர் 14ல்.

அந்தப் பொம்மைகளில் இறகுப்பந்தும் மட்டையும் உண்டு. அலெக்சாண்டரின் ஒரு படத்தில் சீனர்கள் வட்டமாக நின்று இறகுப்பந்தைக் காலால் உதைத்து ஆடுகிறார்கள். துளையுள்ள செப்புக் காசில் இறகைச் செருகிச் செய்வது. தரையில் விழாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றும் சீனப் பூங்காக்களில் வயதானவர்கள் ஆடுகிறார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் இதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 9

"அலெக்சாண்டருக்கு முன்னால் யாரும் நேரில் போய் வரையவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போனார். யோஹான் நியூஹோஃப். 1655ல் பத்தேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கிளம்பிய டச்சுத் தூதுக்குழுவில் ஒருவர். காண்டனில் (இன்றைய குவாங்சோ) தொடங்கி ஆறு, கால்வாய் வழியாகப் பீக்கிங் வரை போய், 1657ல் திரும்பினார். வழியில் கண்டதை வரைவதும் அவருக்கு இட்ட வேலை. 1665ல் ஆம்ஸ்டர்டாமில் யாகோப் வான் மெர்ஸ் அதைப் புத்தகமாகப் போட்டார். ஏறத்தாழ 150 படங்கள். சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன், ஆங்கிலம் என்று பரவியது. அடுத்த நூறு ஆண்டு ஐரோப்பா நினைத்துக்கொண்ட சீனா பெரும்பாலும் இந்தப் புத்தகத்தின் சீனாதான்.

சிக்கல் இங்கேதான். நியூஹோஃப் கைப்பட வரைந்த படங்கள் கொண்ட பிரதி 1984ல் பாரிஸ் தேசிய நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய மூலப் படங்கள் எளிமையானவை: ஒரு மதில், ஒரு நதி, நாலைந்து படகு. ஆம்ஸ்டர்டாம் செதுக்குநர்கள் அவற்றில் பனைமரங்களை நட்டார்கள். முன்புறத்தில் ஆட்களை நிறுத்தினார்கள். குடைகளைப் பிடிக்க வைத்தார்கள். வெற்றிடம் இருந்தால் வாங்குபவருக்குப் பிடிக்காது என்று பதிப்பாளர் நினைத்தார்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயமாகத் தோன்றவில்லை. 30 ஆண்டு அச்சகத்தில் படப் பிரிவில் இருந்தேன். ஒரு பள்ளிப் பாடநூலுக்கு மானாமதுரைப் பக்கம் போய், இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு குயவர் சக்கரம் சுற்றுவதை வரைந்து கொடுத்தேன். அவருக்குப் பின்னால் ஒரு கருவேல மரம், உடைந்த ஒரு சூளை, அவ்வளவுதான். புத்தகம் வந்தபோது கருவேலம் இல்லை. மூன்று தென்னை, ஒரு கோபுரம், குடத்தோடு ஒரு பெண். "தமிழ்நாடு என்று பார்த்தவுடன் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார்கள். சக்கரத்தைச் சுற்றும் கோலையும் எடுத்துவிட்டார்கள். அது என்னவென்று அவர்களுக்குப் புரியவில்லையாம். கோல் இல்லாமல் அந்தச் சக்கரம் எப்படிச் சுற்றும்? அந்தப் படத்தைப் பார்த்துப் படித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. முதல் நாள் இரவு ஆலம் மேல் நான் பாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரி 10

நியூஹோஃப் பிறகு 1672ல் மடகாஸ்கரில் கரையிறங்கி, திரும்பி வரவே இல்லை. தன் படங்களில் நட்ட பனைகளைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று கேட்க ஆளில்லை.

பிப்ரவரி 12

உங்கள் நான்காவது படத்துக்கு வருகிறேன். பாம்பு விற்பவர். "ஜார்ஜ் ஹென்றி மேசன் வரைந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. மேசன் ராணுவ மேஜர், ஓவியர் அல்லர். மதராஸில் பணியில் இருந்தபோது உடம்பு தேற விடுப்பு எடுத்து 1789 வாக்கில் காண்டனுக்குப் போனார். அங்கே ஓவியக் கடையில் படங்கள் வாங்கினார். 1800ல் லண்டனில் அவற்றை 60 தகடுகளாக வெளியிட்டார். தகட்டின் அடியில் உற்றுப் பாருங்கள்: "பூக்குவா, காண்டன்" என்று இருக்கும். வரைந்தவர் சீனர்.

ஆக "மேற்கத்திய ஓவியர் கண்ட சீனா" என்று நாம் பேசிக்கொண்டிருப்பதில் ஒரு பெரும் பங்கு, மேற்கத்தியர் வாங்குவார்கள் என்று சீன ஓவியர் வரைந்த சீனா. காண்டன் ஆற்றங்கரையில் வெளிநாட்டு வணிகர்களுக்கு ஒதுக்கிய பகுதியை ஒட்டி இந்தக் கடைகள் வரிசையாக இருந்தன. தெருத் தொழில்கள், படகுகள், பட்டு நெய்வது, தேயிலை பதப்படுத்துவது, எல்லாம் தொகுப்புத் தொகுப்பாகக் கிடைக்கும். தஞ்சாவூரில் கம்பெனி அதிகாரிகளுக்காகத் தொழிலுக்கு ஒரு தம்பதியாக வரைந்து கொடுத்தார்களே, அந்தக் காலத்தில் அங்கேயும் அதே வியாபாரம்.

19ஆம் நூற்றாண்டில் இந்தப் படங்களுக்கென்றே ஒரு தாள் பிரபலமானது. ஆங்கிலேயர் அதை அரிசித்தாள் என்று அழைத்தார்கள். அரிசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு செடியின் தண்டுக்குள் இருக்கும் வெண்மையான சோற்றை, உருட்டி உருட்டிக் கத்தியால் மெல்லிய ஏடாகச் சீவி எடுப்பது. நம் ஊர் நெட்டியைத் தொட்டவர்களுக்கு அந்தப் பதம் உடனே விளங்கும். நிறம் அதில் ஊறிப் பரவாமல் மேலே புடைத்து நிற்கும். வெல்வெட்டைப் போல இருக்கும். மடித்தால் முறிந்துவிடும். அதனால்தான் பல படங்களின் ஓரம் உடைந்திருக்கிறது.

பிப்ரவரி 13

மேசனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. 1801ல் அவர் பெயரில் அடுத்த புத்தகம் வந்தது: சீனத் தண்டனைகள், 22 தகடுகள். கழுத்துப் பலகை, பிரம்படி, விரல் நெரிப்பு. சீனர்கள் கொடூரமானவர்கள் என்ற எண்ணம் ஐரோப்பிய வீடுகளில் ஆழமாக இறங்கியதற்கு இப்படிப்பட்ட புத்தகங்கள் ஒரு வழி. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் தூக்குத்தண்டனைக்குரிய குற்றங்கள் 200ஐ எட்டிக்கொண்டிருந்தன. ஒரு நாட்டின் அன்றாடத்தை வரைய ஆயிரம் காட்சிகள் இருக்க, 22 தண்டனைகளைத் தேர்ந்து அழகாக வண்ணம் பூசி விற்றது எனக்குப் பொறுக்கவில்லை. வரைந்த கையைக் குறை சொல்லவில்லை. தேர்ந்த கையைத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரி 15

ஜார்ஜ் சின்னரி. இவரைப் பற்றி எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

1774ல் லண்டனில் பிறந்தவர். 1802 கடைசியில் மதராஸ் வந்து இறங்கினார்; அவருடைய சகோதரர் இங்கே இருந்தார். ஐந்து ஆண்டு மதராஸ் வாசம். சம்பாத்தியம் பெரிய மனிதர்களின் உருவப்படங்களில். மனம் மட்டும் கடற்கரையில், அலையில் ஏறி இறங்கும் மசூலாப் படகுகளில், சுமை தூக்குபவர்களில். அவற்றைத் தகட்டில் செதுக்கியும் வெளியிட்டார். பிறகு வங்காளம். அங்கே கடன் கழுத்தை நெரித்தது. 1825ல் கடன்காரர்களிடமிருந்து தப்பி, சீனக் கரையில் இருந்த போர்ச்சுக்கீசியக் குடியிருப்பான மக்காவ் நகருக்குக் கப்பலேறினார். 1852ல் இறக்கும்வரை, 27 ஆண்டுகள், அந்தக் கரையை விட்டு வேறெங்கும் குடிபோகவில்லை.

அந்த 27 ஆண்டுகள்தான் விஷயம். அலெக்சாண்டர் ஒரு படகுக்காரனைப் பார்த்தது படகு கடந்து போகும் நேரம் மட்டும். சின்னரி அதே மூலையில் உட்காரும் அதே கருமானை ஆண்டுக்கணக்கில் பார்த்தார். விடியற்காலையில் நோட்டோடு வெளியே போய்விடுவார். பன்றி மேய்ப்பவர், தெருவில் சூதாடுபவர்கள், காய்கறிக் கூடை, தூங்கும் கூலியாள். ஒரே தாளில் ஒரே ஆளின் முதுகை நாலைந்து முறை, நாலைந்து வளைவில். ஓரத்தில் குர்னி முறைச் சுருக்கெழுத்தில் தனக்கே தனக்கான குறிப்புகள்: எந்த இடத்தைத் திருத்த வேண்டும், எது சரியாக வந்திருக்கிறது, என்ன தேதி. விற்பதற்கு வரைந்த எண்ணெய் ஓவியங்களில் ஒரு மெருகு இருக்கும். மேகம் அழகாகத் திரளும். இந்தத் தாள்களில் மெருகு கிடையாது. எனக்கு அவருடைய எண்ணெய் ஓவியங்கள் பத்தைவிட இந்தத் தாள் ஒன்று பெரிது.

பிப்ரவரி 16

சின்னரி திரும்பத் திரும்ப வரைந்த நாவிதரைப் பற்றி நேற்று எழுத மறந்துவிட்டேன்.

தெரு நாவிதர் தோளில் காவடி சுமந்து வருவார். ஒரு முனையில் வாடிக்கையாளர் உட்காரும் முக்காலி. அதன் அடியில் கத்தி, சீப்பு வைக்கும் இழுப்பறைகள். மறுமுனையில் வெந்நீர்த் தொட்டியும் அதற்கு அடியில் கரி அடுப்பும். சீனத்தில் ஒரு சொலவடை: நாவிதன் காவடிக்கு ஒரு முனைதான் சூடு. ஒருதலைக் காதலைச் சொல்வது. இந்த நாவிதர் படத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொலவடைக்கு விளக்கமே வேண்டாம்.

தெருவுக்குத் தெரு ஏன் நாவிதர் என்பதையும் யோசிக்க வேண்டும். 1645ல் புதிதாக வந்த மஞ்சு அரசு, ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை விட வேண்டும் என்று ஆணையிட்டது. மறுத்தால் தலை போகும். ஆயிரக்கணக்கானோர் இதற்காகவே உயிர்விட்டார்கள். மழித்த முன்தலை சில நாளில் அரும்பிவிடும். மறுபடி நாவிதரிடம் போக வேண்டும். ஐரோப்பியர் வேடிக்கையாகப் பார்த்து வரைந்த காட்சிக்கு அடியில் இவ்வளவு ரத்தம் இருக்கிறது. சின்னரிக்கு அது தெரிந்ததா என்பது வேறு விஷயம். கத்தி பிடித்த விரல்களையும், தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்ட ஆளையும் அவர் சரியாகப் பிடித்துவிட்டார்.

பிப்ரவரி 18

"ஏன் எல்லாப் படத்திலும் படகுப் பெண்களே வருகிறார்கள்?" நல்ல கேள்வி. என் முதல் பதிலைவிட இந்தக் கேள்விதான் விவாதத்தை முன்னே தள்ளுகிறது.

வசதியுள்ள வீட்டுப் பெண்கள் அந்நியர் கண்ணில் படமாட்டார்கள். பாதம் கட்டியவர்கள் தூரம் நடக்கவும் மாட்டார்கள். காண்டனிலோ வெளிநாட்டு வணிகருக்கு நகர மதிலுக்குள் நுழையவே அனுமதி இல்லை. ஆற்றங்கரையில் ஒதுக்கிய இடத்தோடு சரி. ஆகவே அவர்கள் தினமும் பார்த்த பெண்கள் டாங்கா என்ற படகுச் சமூகத்தினர். படகிலேயே பிறந்து, படகிலேயே சமைத்து, கரையேறிக் குடியிருக்கும் உரிமை மறுக்கப்பட்டவர்கள். பாதம் கட்டும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. வெறுங்கால், தலையில் கட்டிய துணி, கையில் துடுப்பு. சின்னரி அவர்களைக் கண்ணியமாகவே வரைந்தார். ஆனால் சீனப் பெண்களில் எந்தப் பங்கு அந்தப் படங்களில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டால், துறைமுகத்தைப் பார்த்து ஒரு நாட்டையே அளந்ததாகிவிடும்.

பிப்ரவரி 21

பல ஆண்டுகளுக்கு முன் அச்சு இயந்திரக் கண்காட்சிக்காக ஹாங்காங் போனபோது ஒரு பகல் கிடைத்தது. படகேறி மக்காவ் போனேன். பழைய புராட்டஸ்டன்ட் கல்லறையில் சின்னரியின் சமாதி முன்னால் நின்றேன். மதராஸ் கடற்கரையை வரைந்த கை இங்கே கிடக்கிறது என்ற நினைப்பில் தொண்டை அடைத்தது. அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

அங்கிருந்து மா என்ற கடல் தெய்வத்தின் கோயிலுக்குப் போனேன். 1838ல் சீனக் கடற்கரைக்கு வந்த பிரெஞ்சு ஓவியர் அகஸ்ட் போர்ஜே, பால்சாக்கின் நண்பர், இந்தக் கோயிலில் மயங்கி அதைப் பல முறை வரைந்தார். பாறைகள் அப்படியே இருக்கின்றன. ஒரு பாறையில் பாய்மரக் கப்பல் செதுக்கி வண்ணம் பூசியிருக்கிறார்கள். போர்ஜே படத்தில் கோயில் முன்றிலை ஒட்டியே தண்ணீர். படகுகள் அங்கேயே கட்டிக் கிடக்கும். நான் நின்ற இடத்தில் கடலைக் காணோம். மண் நிரப்பிச் சாலையும் திடலும் ஆக்கிவிட்டார்கள். கடலோடிகள் தங்கள் தெய்வத்தை ஏன் அந்த இடத்தில் வைத்தார்கள் என்பது இன்று நேரில் போனால் விளங்காது. போர்ஜேயின் படத்தில் விளங்கும். முதல் நாள் நான் "சாட்சி அல்ல" என்று எழுதியதை இந்த இடத்தில் முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். ஆலமுக்கு அல்ல, மற்றவர்களுக்கு.

பிப்ரவரி 22

பூஷேயைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷேயும் சீனா போகாதவர். 1742ல் அவர் காட்சிக்கு வைத்த சீனச் சந்தை, மீன்பிடி, திருமணக் காட்சிகள் பின்னர் போவே நெசவுக்கூடத்தில் திரைச்சீலைகளாயின. அதில் இருப்பவர்கள் பட்டுச் சட்டை போட்ட பாரிஸ் நகரத்தார். பதினைந்தாம் லூயி ஒரு தொகுப்பைச் சியன்லோங் பேரரசருக்கே பரிசாக அனுப்பினார். சீனாவே காணாத சீனா சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரி 25

பாய் கட்டிய வண்டி விஷயம். இது எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீளும்.

1584ல் ஓர்டேலியஸ் தன் அட்லஸில் சேர்த்த சீன வரைபடத்தைப் பாருங்கள். நிலத்தின் மேல் நான்கு சக்கர வண்டிகள் கப்பல்போலப் பாய் விரித்து ஓடுகின்றன. சீனர்கள் காற்றில் வண்டி ஓட்டுகிறார்கள் என்று ஐரோப்பா முழுக்கப் பேச்சு. 1600 வாக்கில் சைமன் ஸ்டெவின் நெதர்லாந்துக் கடற்கரையில் பாய் வண்டி ஒன்றைச் செய்து ஓட்டியே காட்டினார். மில்டனும் தன் காவியத்தில் சீனரின் பாய் வண்டிக்கு ஒரு வரி கொடுத்தார்.

அப்படி ஒரு ரதம் சீனாவில் இல்லை. அப்படியானால் பொய்யா? நானும் அப்படித்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். 1794-95ல் டச்சுத் தூதுக்குழுவில் பீக்கிங் போன வான் பிராம், ஷான்டோங் பகுதியில் உண்மையான பொருளைக் கண்டார். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. நம் ஊர்க் கட்டட வேலைத் தள்ளுவண்டியைப்போல் சக்கரம் முன்னால் இருக்காது; பெரிய சக்கரம் நடுவில், சுமை இரண்டு பக்கமும். பாரம் சக்கரத்தின் மேலேயே இறங்கும். தள்ளுபவர் நிலை தடுமாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். காற்று பின்னாலிருந்து அடித்தால் ஒரு சிறு கம்பம் நட்டு, பாய் கட்டிவிடுவார். அவ்வளவுதான். ஏழைத் தொழிலாளி ஒருவர் தன் தோள்வலி குறையச் செய்துகொண்ட ஏற்பாடு, கைமாறிக் கைமாறி ஐரோப்பாவில் ராஜரதம் ஆகியிருக்கிறது.

வான் பிராம் வேறொன்றும் செய்தார். சீன ஓவியர்களை அமர்த்தி நூற்றுக்கணக்கில் படங்கள் வரையச் சொல்லி, அவற்றோடு அமெரிக்கா போய், பிலடெல்பியா அருகே வீடு கட்டி வைத்துக்கொண்டார். பூக்குவா கதைதான் மறுபடியும்.

பிப்ரவரி 26

லாம்குவாவைச் சொல்லாவிட்டால் சின்னரிக் கதை பாதிதான். காண்டனில் கடை வைத்திருந்த சீன ஓவியர். ஐரோப்பிய முறை எண்ணெய் ஓவியத்தில் தேர்ந்தவர். சின்னரியிடம் கற்றவர் என்று பலர் சொல்ல, சின்னரி மறுத்தார். குறைந்த விலைக்கு உருவப்படம் போட்டுச் சின்னரியின் வாடிக்கையைப் பிடித்தார் என்பதில் சந்தேகமில்லை.

1835ல் பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்க மருத்துவர் காண்டனில் கண் மருத்துவமனை திறந்தார். பெரிய கட்டிகளோடு வந்த ஏழை நோயாளிகளை லாம்குவா வரைந்து கொடுத்தார். அவற்றில் பெரும்பகுதி இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பார்க்க மனத்திடம் வேண்டும். கழுத்திலிருந்து தொங்கும் கட்டி ஒரு பக்கம்; முகத்திலோ கூச்சமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பாம்பு விற்பவர், தவளை பிடிப்பவர் என்று தொழிலின் பெயரால் மட்டும் தெரிந்த மக்கள், இங்கே ஆளுக்கு ஒரு முகத்தோடு வருகிறார்கள்.

மார்ச் 1

படத்தைச் சரிபார்க்க ஒரு வழி கேட்டிருந்தீர்கள். அச்சகக்காரனுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு.

செப்புத் தகட்டில் செதுக்குவது தாளில் வலம் இடம் மாறி விழும். கவனமான செதுக்குநர் தகட்டில் வலம் இடம் மாற்றிச் செதுக்கிச் சரிசெய்துவிடுவார். அச்சிட்ட படத்தைப் பார்த்துத் திருட்டு நகல் எடுப்பவருக்கு அந்தப் பொறுமை இருக்காது; படம் புரண்டுவிடும். கண்டுபிடிப்பது எப்படி? சீன நீள அங்கியின் மடிப்பு, அணிந்தவரின் வலப்பக்கம் போய், கழுத்திலிருந்து வல அக்குள் வழியாக முடிச்சிடப்படும். இடப்பக்கம் மடிப்பது அங்கே பழங்காலம் முதல் அந்நியருக்கும் பிணத்துக்கும் உரியது. ஒரு படத்தில் ஆட்கள் எல்லோரும் இடப்பக்கம் முடிச்சிட்டிருந்தால் படம் புரண்டிருக்கிறது.

சிவகாசியில் ஒரு காலண்டர் வேலையில் இதை நேரில் பட்டவன் நான். ஃபிலிம் புரண்டதை யாரும் பார்க்கவில்லை. சரஸ்வதியின் வீணைக் குடம் இடப்பக்கம் வந்துவிட்டது. வண்ணம், பதிவு எல்லாம் கச்சிதம். ஒரு வீணை வித்துவான்தான் பார்த்துச் சொன்னார். அத்தனை தாளும் வீண். அன்று முதல் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 1, இரவு

ஒரு திருத்தம். மேலே போடும் குட்டைச் சட்டைக்கு முடிச்சு நடுவில்தான் வரும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் நீள அங்கியைத் தேடுங்கள்.

மார்ச் 2

நீங்கள் இன்று அனுப்பிய தெரு நாவிதர் படம், யார் செதுக்கியது என்ற பெயரில்லாத அச்சு. பெரிதாக்கிப் பார்த்தேன். வாடிக்கையாளரின் அங்கி இடப்பக்கம் முடிச்சு. நாவிதர் இடக்கையால் மழிக்கிறார். பின்னால் நிற்கும் கிழவர் இடக்கையில் குச்சிகளைப் பிடித்திருக்கிறார். இரண்டு பேரும் இடக்கைக்காரர்களாக இருந்து, அங்கியும் இடப்பக்கம் மடிந்திருக்க வழியில்லை.

கணினியில் புரட்டிக் கீழே இணைத்திருக்கிறேன். முடிச்சு வல அக்குளுக்கு வந்துவிட்டது. கத்தி வலக்கையில் இருக்கிறது; இடக்கை வாடிக்கையாளரின் காதை மடக்கிப் பிடித்திருக்கிறது. புரளாமல் பார்த்தபோது அந்தக் காதை நான் கவனிக்கவே இல்லை.